குழாய்க்குப் பின்னால் நின்றவன்

பம்பாயிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பொன்னேரியில் மண்டபம் கிடைத்துவிட்டது, பெண் வீட்டார் நல்ல மனிதர்கள், உன் அம்மாவுக்கு அரக்கு நிறத்தில் புடவை எடுத்து வைத்திருக்கிறாய். எல்லாம் படித்தேன், எல்லாம் சந்தோஷம். மூன்றாவது பக்கத்தைத் திருப்பினேன். வரவேற்பில் பிளமிங்கோ பாய்ஸ் கச்சேரியாம். நாலு வருஷமாக ஒன்றாக நிற்காத எங்கள் குழுவைத் திரும்பவும் கூட்டுகிறாயாம். சேவியருக்குக் கடிதம் போட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டாயாம். மெட்ராஸிலிருந்து ஆள் உயரத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர்கள் வருகின்றனவாம். நான் மேடையேறி 'வாடைக்காத்து' பாட வேண்டுமாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். உன் அம்மா பதறிப்போய், "இன்னாய்யா, புள்ளைக்கு எதுனா ஆயிட்ச்சா?" என்று ஓடிவந்தாள். "ஒண்ணும் ஆவல. என்ன மேடையில ஏத்தி அசிங்கப்படுத்தப் பாக்கறான் உம்புள்ள" என்றேன். கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். "அவனுக்கு இன்னா தெரியும்? நீ சொல்லியிருந்தாதானே தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடிதத்தின் அடியில் நீ விளையாட்டாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். 'பயப்படாதீங்க நைனா, இந்தத் தடவ நான் கூடச் சேந்து கத்திக் கெடுக்க மாட்டேன்' என்று. அந்த வரியை மட்டும் உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆனால் நேராக அதற்கு வர எனக்குத் துணிச்சல் இல்லை. மற்றதையெல்லாம் கொட்டிவிட்டு வருகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்தப் பெயரையே எடுத்துக்கொள். பிளமிங்கோ பாய்ஸ்! நம் ஏரிக்கு வருகிற பூநாரைக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர் என்று சேவியர் எங்கோ கேட்டுவிட்டு வந்து எழுபத்தொன்றில் வைத்தது. அன்றைக்கே எனக்கு முப்பத்தைந்து வயது, நீ அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்தாய். இப்போது கிடார்காரன் சேவியருக்குத் தலையில் டோப்பா, மேல் வரிசை முழுக்கக் கட்டின பல். டிரம்ஸ் காதருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு சட்டை மாட்டவே பெண்டாட்டி கை கொடுக்க வேண்டியிருக்கிறது, பேரனும் எடுத்துவிட்டான். நான் ஐஸ் பாக்டரியில் பிட்டர் வேலை பார்த்து, அம்மோனியா வாடையைப் பாதி ஆயுசுக்குச் சுவாசித்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவன். நாங்கள் மூன்று பேரும் பளபளக்கிற சிவப்புச் சட்டை போட்டு, தொப்பைக்குக் கீழே நழுவுகிற பெல்பாட்டத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உன் மாமனார் வீட்டு ஜனங்களுக்கு முன்னால் குதிக்க வேண்டும். கண்றாவி! நினைத்தாலே கூசுகிறது.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. மற்ற குழுக்களெல்லாம் சினிமாப் பாட்டைத் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தபோது நாங்கள் சொந்தமாகக் கட்டிப் பாடினோம். சேவியர் ராயபுரத்தில் ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரரிடம் கிடார் பழகினவன். இங்கிலீஷ் ரெக்கார்டில் வருகிற மாதிரி கம்பியை இழுத்து அலற வைப்பான், ராக் என்றால் இதுதான் என்பான். காதர் அடிக்கிற அடியில் மேடைப் பலகை அதிரும். 'வாடைக்காத்து' பாட்டில் மூன்றாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். நான் மட்டும் தனியாக, ஏரியில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகைக் கூப்பிடுகிற மாதிரி, ஐந்து கட்டையில் ஒரு குரல் எடுத்து நிறுத்துவேன். அதற்காகவே ஜனம் காத்திருக்கும். நிஜமாகவே வந்தது அந்தக் குரல். எழுபத்தைந்து, எழுபத்தாறு வரைக்கும் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் மனுஷன்.

ஏன் நிறுத்தவில்லை என்றால், எங்களுக்குத் தெரியவே இல்லை. நீ பம்பாய்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் வைத்திருக்கிற பாடு முறை உனக்குத் தெரியுமே. பாடு விழுந்தவன் சொந்தத் தங்கை கல்யாணமானாலும் அன்றைக்குத் தண்ணீரில்தான் இருக்க வேண்டும், விட்டால் மறுபடியும் முறை வரக் காத்துக்கிடக்க வேண்டும். அதனால் குப்பத்தில் திருவிழாக் கச்சேரி என்றால் மைக் செட் முனுசாமி இரண்டு குழாய் ஸ்பீக்கரை ஜனங்களைப் பார்த்துக் கட்டுவான், நாலு குழாயைச் சவுக்குக் கம்பத்தில் ஏற்றி ஏரியைப் பார்த்துக் கட்டுவான். தண்ணீரில் இருக்கிறவனும் ஊரான்தானே, அவனுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாடுகிறவன் நிற்பது அந்த ஆறு குழாய்க்கும் பின்னால். குழாய் எதைக் கக்குகிறது என்று அவன் காதுக்கு வரவே வராது. என் குரல் என் மண்டைக்குள் எப்படிக் கேட்டதோ, வெளியிலும் அப்படியேதான் கேட்கிறது என்று பதிமூன்று வருஷம் நம்பினேன். மறுநாள் கரைக்கு வருகிற பாட்டுக்காரன் எல்லாம், அதாவது பாடு பார்த்துவிட்டு வருகிறவன் எல்லாம், "அண்ணாத்தே, தண்ணியில ஜோரா கேட்டுச்சு" என்பான். தனக்காகத் தனியாகக் குழாய் கட்டிப் பாடினவனிடம் எவனுக்குக் குறை சொல்ல வாய் வரும்?

அதற்குள் எங்கள் சாமான்களும் எங்களோடு சேர்ந்து கிழடாகிக்கொண்டிருந்தன. உப்புக்காற்றில் குழாய்க்குள் இருக்கிற தகடு அரித்துப் போய், பாட்டு கிழிந்த முறத்தைத் தட்டுகிற மாதிரி வந்தது. ஜெனரேட்டர் மூச்சு வாங்கும்போதெல்லாம் எக்கோ மெஷினின் டேப்பும் இழுத்து இழுத்து ஓடும். சேவியருக்கு வருஷக்கணக்கில் ஆம்ப்ளிபயர் பக்கத்திலேயே நின்று வலது காது செத்துவிட்டது. தனக்குக் கேட்கவில்லை என்று அவன் ட்ரெபிள் குமிழைத் திருகி ஏற்றுவான், முன்வரிசையில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும். காதர் தோள்வலியில் தாளத்தை இழுப்பான், அதை மறைக்க மூன்று மடங்கு ஓங்கி அடிப்பான். ஐந்து கட்டைப் பாட்டை நாலுக்கு இறக்கினோம், பிறகு மூன்றரைக்கு. முனுசாமியிடம், "எக்கோவ கொஞ்சம் தூக்கி வையி" என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். அந்தத் தனிக்குரல் வருகிற இடத்தில் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டி, "நீங்க பாடுங்க!" என்று கத்துவேன். பெரிய மனுஷத்தனம் மாதிரி ஜனம் கைதட்டும். எனக்குக் குரல் எழும்பவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஏமாற்று வேலை. இன்றைக்கும் யாராவது மேடையில் மைக்கை ஜனத்தின் பக்கம் நீட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருத்தி மட்டும் சொன்னாள். எழுபத்தெட்டிலோ ஒன்பதிலோ கோட்டைக்குப்பத்துக் கச்சேரி முடிந்து வந்து, வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா பக்கத்தில் நின்று, "நான் சொன்னா கோச்சிக்குவே. ஆனா கேக்கறதுக்கு நல்லால்லய்யா. பக்கத்துல இருந்த பொம்பளைங்கோ சிரிச்சிக்கினாங்கோ, எனுக்கு மூஞ்ச எங்க வச்சிக்கறதுனே தெர்ல" என்றாள். சொம்பை வீசி எறிந்தேன். "மீன் கழுவற உனுக்கு பாட்டப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவள் என் கச்சேரிக்கு வரவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு ஒரு தகப்பன் என்னென்னவோ சொல்லுவான். நான் இதை ஒன்றைத்தான் சொல்லுவேன். வரப்போகிறவள் என்றைக்காவது உன்னிடம் நல்லாயில்லை என்று சொன்னால், சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேள். அவள் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், அவள் காதில் விழுந்ததைச் சொல்கிறாள்.

எண்பத்திரண்டில் அனுப்பம்பட்டில் ஒரு கச்சேரிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் மெட்ராஸையே கலக்கிய கிடார் குழு என்று சொல்லி, ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக இழுத்துக்கொண்டு போனேன். பாடினவருக்கு அறுபது இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கால் மணி நேரம் ஜோக் சொன்னார். பல்லவி பாதியில் மறந்துபோய் லாலாலா போட்டார். கிடார் ஒரு சுருதியில், ஆர்கன் ஒரு சுருதியில், மைக் நடுநடுவே கூவல். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "பாருடா, இதுக்குப் பேசாம வூட்ல குந்திக்கினு இருக்கலாம் இந்தாளு. வெக்கமே இல்ல" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "பாவம் நைனா, அவருக்கு யாராச்சும் சொல்லணும்" என்றாய். எனக்கு உறைக்கவே இல்லை. திரும்பி ரயிலேறுகிற வரைக்கும் அந்தக் கிழவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், அடுத்த வாரமே சிவப்புச் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தேன்.

இப்போது பசியாவரம் தீவுக் கச்சேரிக்கு வருகிறேன். எண்பத்துநாலு, அம்மன் திருவிழா. உனக்கு இருபது வயது, எண்ணூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கியிருந்தாய். அன்றைக்கு உன் தாய்மாமன் ஏழுமலைக்குப் பாடு விழுந்திருந்தது. கச்சேரி பொழுது சாய்கிற நேரத்தில். நீ மேடைக்குப் பக்கத்தில் நிற்பாய் என்று தேடினேன், காணவில்லை. மாமன் படகில் ஏறிப் போயிருந்தாய், டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு. தண்ணீரில் கேட்கிற மாதிரி நைனா பாட்டைப் பதிய வேண்டும், அதுதானே எல்லோரும் ஜோர் என்று சொல்கிற இடம் என்று உனக்கு யோசனை. எனக்கு இதொன்றும் தெரியாது. அன்றைக்கு என்னைப் பொறுத்தவரை பிரமாதமான கச்சேரி. மைக்கைக்கூட நீட்டவில்லை, அந்தத் தனிக்குரலை நானே எடுத்தேன். படகில் திரும்பி வரும்போது சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, எழுபத்திரண்டு மாரியே இருந்துச்சுடா" என்றான், அதுவும் அந்தச் செத்த காதை வைத்துக்கொண்டு! அதை நான் நம்பினேன் பார், அதைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை, பதினோரு மணி இருக்கும். உன் அம்மா மீன் குழம்புக்குக் கூட்டி வைத்திருந்தாள். நீ டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நைனா, கண்ண மூடிக்கினு கேளுங்கோ" என்றாய். கேட்டேன். முதலில் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம், காற்று. பிறகு தூரத்திலிருந்து ஒன்று வந்தது. தாளம் நொண்டிக்கொண்டு வந்தது, கிடார் என்று ஒரு கீச்சல் வந்தது. அதற்கு நடுவில் ஒரு கிழட்டு ஆள் கமறிக்கொண்டிருந்தான். சளி கட்டின தொண்டை, சுருதியை எட்டிப் பிடிக்கப் போய் ஒவ்வொரு தடவையும் கீழே விழுகிற தொண்டை. எக்கோ அதையே மூன்று தடவை திருப்பிக் காட்டியது. இது யாருடா என்று நான் கேட்கப் போனேன். அதற்குள் 'வாடைக்காத்து' என்ற வார்த்தை வந்துவிட்டது. சீ! எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்கிற மாதிரி இருந்தது. அந்தத் தனிக்குரல் வந்தது. வாத்தியமெல்லாம் நின்று, கரையே அமைதியாக இருக்க, அந்த ஆள் மாடு கன்று போடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டான். படகில் ஏழுமலை மெதுவாக, "பாவம்டா மச்சான்" என்று சொல்வதும் டேப்பில் இருந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாய். உனக்கு அது அப்படிக் கேட்கவில்லை, தகப்பன் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்கே தெரியும். கேசட்டைப் பிடுங்கி எடுத்து எரிகிற அடுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் கருகி வீடு முழுக்க நாறியது, உன் அம்மா குழம்புச் சட்டியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "இன்னா நைனா, இன்னா ஆச்சு?" என்று நீ கேட்டாய். ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் என்ன வாயில் வந்ததோ அதைச் சொன்னேன். "இதாடா ரெக்கார்டு பண்ற லட்சணம்? கூடவே நீ வேற கத்திக்கினு கீற. உன் கொரல் பூந்து என் பாட்டையே நாற அடிச்சிட்ச்சு. இனிமே பாட்டு பக்கமே வராத" என்றேன். சாப்பிடாமல் எண்ணூருக்குப் பஸ் ஏறிவிட்டாய். குளிக்கும்போதும், சைக்கிள் துடைக்கும்போதும், சட்டைப் பொத்தான் தைக்கும்போதும் பாடிக்கொண்டே இருந்த பையன் நீ. அன்றையிலிருந்து இந்த வீட்டில் நீ ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் தொண்டையில் கட்டி, டாக்டர் பாடக் கூடாது என்கிறார் என்று சேவியரிடம் சொன்னேன். எந்தக் கட்டியும் இல்லை. அவனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், நாம் எல்லோருமே நாறிப்போய்விட்டோம் நண்பா, நிறுத்திக்கொள்வோம் என்று. சொல்லவில்லை. அவன் இன்னும் நான் தேறி வருவேன் என்று காத்துக்கொண்டிருக்கிறான், வாரம் ஒருதரம் கிடாருக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறான். எனக்கும் உன் கடிதம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் சைக்கிளில் ஓடிவந்து, "பாத்தியா, நம்ம புள்ள கூப்பிட்டுட்டான்டா!" என்று அழுதான். டோப்பா நழுவி நெற்றியில் வந்து நின்றது. எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது. அவனைப் பார்க்கிறபோது என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இப்போது அந்த வரிக்கு வந்துவிட்டேன். அந்த டேப்பில் உன் குரல் இருந்தது, வாஸ்தவம். நீ மடியிலேயே மெஷினை வைத்துக்கொண்டு என்கூடவே முணுமுணுத்துப் பாடியிருந்தாய், உனக்கே தெரியாமல். காற்றுச் சத்தத்துக்கு நடுவில், இரைச்சல் எல்லாவற்றுக்கும் முன்னால், மெலிசாக, பக்கத்திலேயே கேட்டது. நான் கீழே விழுந்த இடத்திலெல்லாம் அது விழவில்லை. சேவியரின் கிடார் தப்பான இடத்தில் அது தப்பவில்லை. அந்தத் தனிக்குரலில் நான் அலறி ஓய்ந்தபிறகு, நீ அதை ஐந்து கட்டையில் சாவகாசமாக, படகிலிருந்து படகைக் கூப்பிடுகிற மாதிரி எடுத்து நிறுத்தியிருந்தாய். முப்பத்தைந்து வயதில் நான் எடுத்ததைவிட நன்றாக. அந்தக் கேசட்டில் கேட்கும்படியாக இருந்தது அது ஒன்றுதான். அதை நான் கேட்டேன், புரிந்துகொண்டேன், புரிந்துகொண்டுதான் அடுப்பில் போட்டேன். என் குரலைச் சகிக்காமல் போட்டேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் குரலைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். நீ கெடுத்தாய் என்று சொன்னது ஒரு தகப்பன் சொல்லக் கூடாத பொய், நாலு வருஷமாக நீ அதைச் சுமந்துகொண்டு, கல்யாணக் கடிதத்திலும் வேடிக்கையாக எழுதுகிற அளவுக்கு அதை நம்பியிருக்கிறாய். தூ, என்ன ஜென்மம் நான்!

நான் பாட மாட்டேன். சேவியரையும் காதரையும் மேடையேற விடவும் மாட்டேன். அவர்களிடம் நீ சொல்ல வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்கிறேன். தொண்டையில் கட்டி என்று சொல்ல மாட்டேன், நடந்ததைச் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அந்த சொம்பு நசுங்கினது இன்னும் அப்டியேதான் கீது" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள்.

மெட்ராஸ் ஸ்பீக்கரை வேண்டாம் என்று சொல்லிவிடாதே, அது வரட்டும். வரவேற்பு அன்றைக்கு உனக்கு மனசு இருந்தால் 'வாடைக்காத்து' நீ பாடு. மனசு இல்லாவிட்டால் நான் கேட்க முடியாது, கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. ஆனால் பாடினாலும் பாடாவிட்டாலும் நான் எங்கே இருப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். முதல் வரிசையில், அந்தப் பெட்டிக்கு நேர் எதிரில், உன் அம்மா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் நைனா